சட்டைப்பையில் கருப்பட்டி

1989 மே 6, சனி.

நாளை மாலை தங்கை மகனுக்கு மாப்பிள்ளை ஊர்வலம். அவன் ஏறிவரும் குதிரையின் கயிற்றைப் பிடித்து நடத்திப் போகப்போவது நான். நானே ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு வாங்கிய பதவி.

குதிரை வன்னியம்பட்டி நண்பருடையது. இழுக்காமல், முட்டாமல் சாதுவாகப் பின்னால் வரட்டும் என்று சட்டைப்பையில் கருப்பட்டி வைத்து, நின்று நின்று ஊட்டிப் பழக்கினேன். அதுவும் வந்தது. இன்று பை காலி. முகர்ந்து பார்த்துவிட்டு நெஞ்சில் ஒரு முட்டு முட்டியது. மல்லாந்து விழுந்தேன். குளம்பு என் காதோரம் இறங்கியது. தெறித்த மண் இன்னும் காதுக்குள் நறநறக்கிறது.

"மரியாதை பழக்கப் போனீக, வழிப்பறியில்ல பழக்கிட்டு வந்திருக்கீக," என்றாள் மனைவி. சிரித்து வைத்தேன்.

படுத்த பிறகுதான் உறைத்தது. நாளை பெண்ணின் அம்மா தட்டு நிறையக் கற்கண்டு ஏந்தி, நேராகக் குதிரை முன்னால் வந்து நிற்பார். இனிப்பு வாசம் பட்டால் அது அவரையும் முட்டும். மேலே பையன் இருப்பான்.

விடிந்ததும் தங்கையிடம் போய், பையன் நடந்தே வரட்டும் என்று சொல்லிவிட வேண்டும். ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும். அதில் யாருக்கும் மண்டை உடையாது.