மார்கழித் தொட்டியில் மக்காத சோறு

இன்று காலை மாடியில் உரத் தொட்டியின் மேல் போட்டிருந்த சாக்கைத் தூக்கினேன். புளித்த மோரும் ஈரச் சருகும் கலந்த வாடை குப்பென்று வந்தது. கூடவே நீயும் வந்துவிட்டாய்.

சிட்லபாக்கத்துக் குளிரெல்லாம் ஒரு குளிரா என்று கேலி செய்வாய். ஆனால் மார்கழியில் தொட்டி சூடேறவே மாட்டேன் என்கிறது. வெயில் காலத்தில் நாலு நாளில் அடையாளம் தெரியாமல் போகும் வாழைக்காய்த் தோல், பத்து நாளானாலும் போட்டது போட்டபடி கிடக்கும். அதனால்தான் போன மார்கழியில் அது என் கண்ணில் பட்டது. குச்சியால் கிளறினால் சருகுக்கு அடியில் சோறு. குழம்பு ஊற்றிப் பிசைந்த சோறு. மறுநாளும் அதே.

ரிட்டயரான ஆளுக்கு வேறென்ன வேலை? துப்பறியக் கிளம்பிவிட்டேன். வீட்டு வேலைக்கு வரும் அமுதாதான் நீ கொடுக்கும் சாப்பாடு பிடிக்காமல் கொட்டுகிறாள் என்று முடிவே கட்டிவிட்டேன். கூப்பிட்டு விசாரித்தேன்.

"இன்னா சார், சோத்தைப் போயி கொட்டுவேனா நானு?" என்று கண் கலங்கினாள்.

நீ சமையலறையிலிருந்து வந்தாய். "அவளை விடுங்க. நான்தான் போட்டேன். ஊசிப்போச்சு."

மார்கழியில், காலையில் வடித்த சோறு மத்தியானத்துக்குள் ஊசிப்போகுமா? பொய் என்று உடனே தெரிந்துவிட்டது. ஆனால் என் புத்தி போன இடத்தைப் பார்: அவளைக் காப்பாற்றத்தான் நீ பொய் சொல்கிறாய் என்று நினைத்தேன். இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. நீ பரிமாறியதை மட்டும் ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

எனக்குப் போட்டுவிட்டு, அப்புறம் தனியாகச் சாப்பிடுவது உன் வழக்கம். நான் கை கழுவிக்கொண்டு பேப்பரோடு ஹாலுக்குப் போய்விடுவேன்.

தை பிறந்ததும் நீ மயங்கி விழுந்தாய். ஆஸ்பத்திரி வராந்தாவில் அமுதாதான் சொன்னாள்: "அக்காவுக்கு ரெண்டு மாசமா சோறு தொண்டைல எறங்கல சார். பாதியிலயே வச்சிடும். உங்க கைல சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிடுச்சு." கொஞ்சம் முன்னாடியே கூட்டி வந்திருக்கக் கூடாதா என்று டாக்டர் கேட்டார். மாசி முடிவதற்குள் நீ போய்விட்டாய்.

அடிப்பாவி, என்னிடம் ஏன் சொல்லவில்லை? அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. அமுதாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "வுடு சார்" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போனாள்.

இப்போதெல்லாம் யார் சாப்பிட்டாச்சு என்றாலும் நான் நம்புவதில்லை. புனேயிலிருந்து நம் மகள் வீடியோவில் பேசினால், தட்டைக் காட்டச் சொல்கிறேன். நேற்று அவள், "என்னப்பா, என்மேலயே சந்தேகமா?" என்று சிரித்தாள்.

ஆமாம் என்றேன். உன்மேல் எனக்கு வராமல் போன சந்தேகம் அது.