தண்ணீர் ஊற்றாத மீன்தொட்டி

அன்புள்ள சின்னுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நான் நலம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். உறையைப் பார்த்ததும் உனக்குப் பயமாக இருந்திருக்கும். தினமும் போனில் பேசுகிற அப்பன் திடீரென்று கடிதம் எழுதினால் யாருக்குத்தான் இருக்காது? உயிருக்கு ஒன்றும் இல்லை. நின்றுகொண்டு படிக்காமல் முதலில் எங்கேயாவது உட்கார்.

போனில் சொல்ல முடியாத சங்கதி. உன் அம்மா எப்போதும் பக்கத்திலேயே இருக்கிறாள், அவள் காது இப்போது பாம்புக் காது. எழுதி அனுப்பினாலும், வருகிற பதிலையெல்லாம் எங்கள் இருவருக்கும் பொதுவான போன் உரக்கப் படித்துவிடுகிறது. அப்படி அவள்தான் மாற்றி வைத்திருக்கிறாள். தெருமுனையில் இருக்கிற வளர்ப்பு மீன்கடைக்குப் போய் அங்கிருந்து உன்னைக் கூப்பிட்டும் பார்த்தேன். உன் குரலைக் கேட்டதும் "சாப்பிட்டியாம்மா" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டேன். கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டு, மீனுக்குத் தீனி போடுகிற சாக்கில் உள்ளே போய்விட்டார். நல்ல மனிதர்.

அம்மாவுக்குக் கண்ணாடி பவர் மாறியிருக்கிறது என்று சொன்னோமே, அது அவள் சொல்லிக்கொடுத்துச் சொன்ன பொய். அவளுக்குக் கண்ணுக்குப் பின்னால் இருக்கிற நரம்பு வாடிக்கொண்டே வருகிறது. ஒரு சாண் தூரத்துக்குள் வந்தால் முகம் தெரியும், அதுவும் ஆவி படிந்த கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல. அதற்கு அப்பால் எல்லாம் நிழல்தான். "அவ இப்பத்தான் புது வேலையில சேர்ந்திருக்கா, நீங்க எதையாவது ஒளறி வெச்சீங்கன்னா அப்புறம் நான் உங்ககூடப் பேசவே மாட்டேன்" என்று என் வாயைக் கட்டிப்போட்டாள். அவள் பேசாவிட்டால் இந்த வீட்டில் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

நீ முடியை வெட்டிக்கொண்டு போனில் முகத்தைக் காட்டினாயே, அன்றைக்கு அவள் "சடை நல்லா இருக்கு பாப்பா" என்றாள். குத்திக் காட்டுகிறாள் என்று நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனை வைத்துவிட்டாய். அவள் குத்திக் காட்டவில்லை, சின்னு. நீ ஊருக்குப் போனபோது உனக்குச் சடை இருந்தது, அதை நினைத்துச் சொன்னாள். போனில் அவளுக்கு ஒன்றுமே தெரிவதில்லை. "ஏங்க, அவ ஏன் கோவிச்சுக்கிட்டா?" என்று என்னைக் கேட்டாள். அங்கே சிக்னல் சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

தையல் மெஷினுக்கு உறை போட்டு மூடியாகிவிட்டது. ஊரில் பாதிப் பேருக்கு ரவிக்கை தைத்தவள் ஊசிக்காதைத் தேடித் தேடி விரலைக் குத்திக்கொண்டதைப் பார்க்க முடியவில்லை. அவளுக்குச் சும்மா இருக்கத் தெரியாது என்பது உனக்குத்தான் தெரியுமே. வீட்டில் இருக்கிற டப்பாவையெல்லாம் கொட்டிக் கொட்டி அடுக்கினாள். அப்போது வெளியே வந்ததுதான் நீ பள்ளிக்கூடத்தில் படித்தபோது மீன் வளர்த்த கண்ணாடித் தொட்டி. இத்தனை நாளும் அதில் பட்டனும் நூல்கண்டும் கிடந்தன. அதைக் கழுவித் துடைத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மீன்கடைக்காரர்தான் யோசனை சொன்னார். வெறும் மீன் விடாமல், உள்ளேயே மண்மேடு, கல், கட்டை, செடி என்று ஒரு சின்னக் காட்டையே அமைக்கலாமாம். "அக்காவுக்குத் துணி வெட்டற கை, நிச்சயமா வரும்" என்றார். அவ்வளவுதான், உன் அம்மாவைப் பிடிக்க முடியவில்லை. சட்டை தைப்பதற்கு என்னென்ன செய்வாளோ அத்தனையும் இதற்கும் செய்தாள். ஒரு அட்டைப்பெட்டியைத் தொட்டி அளவுக்கு வெட்டி, மிச்சத் துணியை உள்ளே அடுக்கி ஒத்திகை பார்த்தாள். பின்னால் உயரமான செடிக்குச் சுருட்டிய பட்டுத்துணி, தரையில் படர்கிற புல்லுக்குத் துவாலைத் துண்டு, கல்லுக்கு உருளைக்கிழங்கு. அவற்றைக் கலைத்துவிட்டு மறுபடி அடுக்கினாள். நான் பெரிய கிழங்கைத் தூக்கி நடுவில் வைத்தேன். பெரியவருக்கு நடுவில்தானே மரியாதை? "அது என்ன, கல்யாண ஃபோட்டோவுக்கு நிக்கற மாப்பிள்ளை மாதிரி? ஓரமாத் தள்ளுங்க" என்றாள். தள்ளினேன். அவள் சொன்னதுதான் சரி, அழகாகத்தான் இருந்தது. அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குக் கிழங்கு இல்லாமல் போனது வேறு கதை.

கடைக்காரர் கொண்டுவந்து கொடுத்த கட்டையில் பாசியை நூலால் சுற்றிக் கட்ட வேண்டும். நூல் இற்றுப்போவதற்குள் பாசி தானாகவே பிடித்துக்கொள்ளுமாம். அவளுடைய பெட்டியில் இருந்த கறுப்பு நூலையே எடுத்தாள். பல்லால் கடித்து அறுத்த அழகைப் பார்க்க வேண்டுமே, பழைய ஆளாகவே இருந்தாள். பிறகு ஈர மண்ணில் அந்தப் புல்லை ஊன்றினாள். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஊன்றியதும் தண்ணீர் ஊற்றக் கூடாது. மேலே பிளாஸ்டிக் தாளை இழுத்து மூடி, தினமும் கொஞ்சம் தெளித்து, வேர் பிடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் தொட்டியை நிரப்பலாம்.

அந்தக் காத்திருப்பில்தான் நான் புத்தியில்லாமல் ஒன்று செய்தேன். கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு டாக்டரம்மா என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். "நாங்க நெனச்சதவிட வேகமா பார்வை போகுதுங்க. சொட்டு மருந்துக்கும் நிக்கல. அவங்க பாக்கணும்னு ஆசைப்படறவங்க இருந்தா சீக்கிரம் வரச்சொல்லுங்க" என்றார். வீட்டுக்கு வந்ததும் நேரே தொட்டியிடம் போனேன். எப்படியாவது அவள் அந்தத் தொட்டியைத் தண்ணீரோடு ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. இத்தனை வருஷம் பஸ் ஓட்டியபோது யாருக்காகவும் அவசரப்படாதவன், அன்றைக்கு வாளியைத் தூக்கித் தொட்டிக்குள் கவிழ்த்துவிட்டேன். புல்லெல்லாம் பிய்த்துக்கொண்டு மேலே மிதந்தது. மேடு கரைந்தது. உள்ளே ஒரே சேறு.

சத்தம் கேட்டு அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். தொட்டிக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தாள். திட்டுவாள் என்று நின்றேன், திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "என்னங்க அவ்வளவு அவசரம்?" என்று மட்டும் கேட்டாள். டியூபை வைத்துத் தண்ணீரை இறக்கினேன். டாக்டரம்மா என்ன சொல்லியிருப்பார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

மறுநாள் முதலிலிருந்து தொடங்கினாள். இடுக்கியை ஒதுக்கிவிட்டு விரலாலேயே புல்லை ஊன்றினாள். பக்கத்தில் போய்ப் பார்த்தால் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள்! தூங்குகிறாளோ என்று தோளைத் தொட்டேன். தூங்கவில்லை. அதற்குப் பிறகு கவனித்தால், காலையில் எழுந்தது முதல் கண்ணை மூடியேதான் இருக்கிறாள். மூடியபடியே டீ போடுகிறாள், துணி மடிக்கிறாள், என்னோடு பேசுகிறாள். குருடாக இருந்து பழகிக்கொள்கிறாள் என்று நினைத்தேன். கேட்டேவிட்டேன்.

அவள் சிரித்தாள். "பழகறதுக்கு இல்லீங்க. துணி கொஞ்சமா இருந்தா என்ன பண்ணுவோம்? கண்ட இடத்துல கத்தரி வெக்காம, முக்கியமானதுக்குன்னு எடுத்து வெப்போம்ல? இருக்கற பார்வைய உங்க மூஞ்சியையும் இந்தச் சுவரையும் பாத்தே தீத்துட்டா, அவ வரும்போது நான் எதை வெச்சுப் பாக்கறது?" என்றாள்.

கண் என்ன, பீரோவில் மடித்து வைக்கிற துணியா? ஆனால் அவள் அப்படித்தான் நம்புகிறாள். நான் தனியாக ஆஸ்பத்திரிக்கு ஓடிப் போய் டாக்டரம்மாவைக் கேட்டேன். மூடி வைப்பதால் ஒன்றும் மிச்சமாகாதாம். மூடினாலும் திறந்தாலும் அது பாட்டுக்குப் போய்க்கொண்டேதான் இருக்குமாம். இதை எந்த வாயால் அவளிடம் சொல்வது? கண்ணைத் திற, சேர்த்து வைத்தது எதுவும் அங்கே இல்லை என்று எப்படியம்மா சொல்வேன்? தெரிகிற கடைசி நாட்களையும் அவள் இருட்டிலேயே உட்கார்ந்து கழிக்கிறாள், உனக்காக. அதனால்தான் வாக்குக் கொடுத்ததையும் மீறி எழுதுகிறேன். பேசாமல் போனால் போகட்டும்.

தொட்டியில் புல் வேர் பிடித்துவிட்டது. மீன்கடைக்காரர் வந்து விரலால் இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. "இப்ப தண்ணி விடலாம்க்கா, மீனுகூட எடுத்து வெச்சுட்டேன்" என்றார். இவள் விடவில்லை. "அவ வரட்டும். அவ தொட்டி, அவ கையாலதான் ஊத்தணும்" என்றுவிட்டாள். நீ எப்போது வருவாய் என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் தினமும் தாளை விலக்கித் தண்ணீர் தெளித்து மூடுகிறாள். கடைக்காரருக்கும் என்னிடம் கேட்கத் தயக்கம், மீன்களை ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்திருக்கிறார்.

அடுத்த லீவுக்கு வருகிறேன் என்று போனில் சொன்னாய். அடுத்த லீவு வேண்டாம், சின்னு. உன் மேலதிகாரியிடம் அம்மா என்று மட்டும் சொல், அவருக்கும் ஒரு அம்மா இருந்திருப்பார். லீவு கொடுக்கவில்லை என்றால் கொடுக்காமலே வா. அப்பன் இப்படிச் சொல்வது இதுதான் முதல் தடவை.

வந்ததும் இந்தக் கடிதத்தைப் பற்றி மூச்சு விடாதே. அழக்கூடாது. நேராகப் போய் அவள் முன்னால் உட்கார், மூக்கோடு மூக்கு முட்டுகிற அளவுக்கு நெருங்கி உட்கார். சடை வேண்டும் என்று முடியை வளர்க்கப் பார்க்காதே, இருக்கிற முடியோடு வா, அவள் தடவிப் பார்த்துத் திட்டட்டும். பிறகு, "அம்மா, வந்துட்டேன், கண்ணத் தொற" என்று நீயே சொல். நான் சொன்னால் கேட்கமாட்டாள். நீ சொன்னால் திறப்பாள்.

தண்ணீரை நீ ஊற்று. நிதானமாக ஊற்றம்மா, ஒரு தட்டை வைத்து அதன்மேல் மெல்ல மெல்ல. அவள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கட்டும்.

வழியில் உனக்கு ஒரு குறையும் வராமல் வந்து சேர வேண்டும். கடிதம் கிடைத்தது என்று பதில் எழுதிக்கொண்டிருக்காதே. புறப்படு.

உன் வழியைப் பார்த்திருக்கும்,
அப்பா