முற்றத்துக் கேமரா

மார்ச் 12, இரவு

ஐபி முகவரிகளைத் தடுக்கும் மென்பொருளைப் போன வாரம் வீட்டு வைஃபையில் போட்டேன். யார் யார் உள்ளே வந்து போகிறார்கள் என்று அது காட்டும். தெரியாத முகவரி ஒன்று தினமும் காலை ஆறரைக்கு வந்து, கால் மணி நேரம் இருந்துவிட்டுப் போனது. பயந்துபோய் நேற்று அதைத் தடுத்துவிட்டேன்.

இன்று சாயங்காலம் தோஹாவிலிருந்து என் வீட்டுக்காரர் கூப்பிட்டார்.

"முற்றத்துக் கேமரா ஓடலியே, ஏளா?"

தினமும் ஆறரைக்கு வந்தது யாரென்று அப்போதுதான் புரிந்தது.

"திருடனுக்குன்னுதான வச்சிய? காலம்பற ஆறரைக்கு எந்தத் திருடன் வாரான்?"



"நீ துணி காயப்போடுதத பாத்துட்டுத்தான் வேலைக்குப் போவேன்."

இரண்டு வருஷமாக! துறைமுகக் காற்றில் சேலை உப்பிப் பறக்கும்போது அதற்குள் நின்று பாடியிருக்கிறேன். சில நாள் அழுதும் இருக்கிறேன். அதையும் பார்த்திருப்பார். ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

தடையை எடுத்துவிடுகிறேன் என்று சொன்னேன். இன்னும் எடுக்கவில்லை. நாளை ஒரு காலையாவது யாரும் பார்க்காமல் துணி காயப்போட வேண்டும். கண் சொருகுகிறது. சேலை பறப்பது மட்டும் தெரிகிறது.

நாளை என்னைப் பார்க்காமல் அவர் எப்படிக் கிளம்புவாரோ.