செம்பனைக் காட்டுக் கீரை

மார்ச், வெள்ளி.

மழை விழுந்ததும் எஸ்டேட்டின் எண்ணெய்ச் செம்பனைக் காட்டில் மணத்தக்காளி தழைத்துவிட்டது. கோயில் தலைவன் ஒரு மூட்டை பறித்து, நாளை அன்னதானத்துக்கு ஆய்ந்து தரச் சொல்லி என் காய்கறிக் கடைக்குக் கொண்டு வந்தான்.

"அண்ணே, அங்க நேத்துதான் களைக்கொல்லி அடிச்சாங்க."

"கழுவினா போச்சுலா. உன் கீரை விக்கலன்னு பொறாம உனக்கு."

எஸ்டேட்டில் பிறந்தவன் பேசுகிற பேச்சா இது? பிள்ளைகள் சாப்பிடும் சோறு. மூட்டையை அப்படியே குப்பையில் கொட்டினேன். இனிமேல் கோயில் ஆர்டர் எனக்கில்லை என்று கத்திவிட்டுப் போனான். போகட்டும்.

சாயங்காலம் அவன் மனைவி போன் செய்தாள். "பறிச்சதுல ஒரு பிடி வீட்டுக்கும் எடுத்து வச்சாரு, மத்தியானம் அந்தக் கீரையத்தான் கூட்டு வச்சேன்க்கா. அவருக்கு மட்டும்தான் போட்டேன். ஒரே வாந்தி."

நானே காரில் ஏற்றிப் போனேன். டாக்டரிடம், நேற்றுக் கடையில் தின்ற கொய்த்தியாவ் நூடுல்ஸ் சேரவில்லை என்று ஆரம்பித்தான். மருந்தடித்த கீரை என்று நான்தான் சொன்னேன். அந்த நிலையிலும் என்னை முறைக்கிறான், மடையன்.