ஒன்பதரை மணிச் சாப்பாடு

25 பெப்ரவரி 2025, செவ்வாய்

இரண்டு நாளாகியும் கோபம் ஆறவில்லை.

ஒரு மாதமாகக் கரகரத்துக்கொண்டிருந்த என் குரல் ஞாயிறு பூசையில் முதலாம் வாசகத்தின் நடுவில் உடைந்தது. ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. கனைத்தேன், மறுபடி உடைந்தது. மைக்குக்கு முன்னால் கனைத்தால் கோயில் முழுக்கக் கேட்கும், தெரிந்தும் கனைத்தேன். வேறு வழி இருக்கவில்லை.

பூசை முடிந்து வாசலில், பத்துப் பேர் நிற்க, வழிபாட்டுக் குழுத் தலைவர் யேசுரட்ணம் சொன்னார்: “நேசம் ரீச்சர், உங்களுக்கும் வயசு போகுதுதானே. இந்த முறை பெரிய வெள்ளிக்கு இளம் ஆக்களிட்டக் குடுப்பம் எண்டு யோசிக்கிறன்.”

வயசு! எனக்கு அறுபத்தேழு. அவருக்கு அறுபத்தெட்டு.

பெரிய வெள்ளியன்று ஆண்டவரின் சிலுவைப் பாடுகளை நாலைந்து பேர் பிரித்து வாசிப்போம். கதையைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை கொண்டுபோகிற பெரிய பங்கு பத்தொன்பது வருடமாக என்னுடையது. பென்சன் எடுத்த பிறகு நான் எழுந்து நின்று வாய் திறந்தால் நாலு பேர் பேசாமல் கேட்கிற இடம் அது ஒன்றுதான். அதையும் எடுக்கப் பார்க்கிறார்.

மேல்வீட்டு யூஜினா மிளகு ரசமும் ஒரு பக்கற் பெப்பர்மின்றும் கொண்டுவந்தாள். “உங்கட குரல் இப்ப தெமட்டகொடையில ரெயில் பெட்டி இழுக்கிற சத்தம் மாதிரி இருக்கு ரீச்சர்” என்று சிரித்தாள். ரசத்தைக் குடித்தேன். சிரிக்கவில்லை.

27 பெப்ரவரி, வியாழன்

பெப்பர்மின்ற் ஆறு. இஞ்சி போட்ட பிளேன்ரீ நாலு. குரல் அப்படியே.

1 மார்ச், சனி

தொண்டை வைத்தியரிடம் போனேன். மூன்று வாரத்துக்கு மேல் குரல் அடைத்தால் எதற்குப் பயப்பட வேண்டும் என்று எனக்கும் தெரியும். அந்தச் சொல்லை இங்கே எழுத மாட்டேன். வத்தளையில் இருக்கிற மகள் ரொஷேலுக்கும் அறிவிக்கவில்லை. என் மனுசன் கிளெமென்ற் கூட வந்தார். வெளியே இருந்து பேப்பர் வாசித்தார்.

வைத்தியர் சின்னப் பிள்ளை. என் மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயை விட்டுப் பார்த்தார். “பய வென்ன எபா, ரீச்சர்” என்றார் சிங்களத்தில். பயப்படாதே என்று என்னைத் தேற்ற ஒரு பிள்ளை! ஆனால் அந்த நேரம் அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டேன், அதையும் எழுதத்தான் வேண்டும். கட்டி ஒன்றும் இல்லையாம். வயிற்று அமிலம் மேலே வந்து குரல் நாண்களை வேகவைத்திருக்கிறதாம்.

“நெஞ்செரிவு இருக்கா?” என்று கேட்டார்.

“இருக்கு. கொழும்பில ஆருக்கு இல்லை?”

உண்மைதானே. பதினைந்து வருடமாக அதற்கு எங்கள் வீட்டில் பெயர் காஸ்ரிக். படுக்கும்போது எரியும். வெள்ளை மருந்தில் ஒரு மூடி குடித்தால் அடங்கும். அதை யார் வருத்தமென்று எண்ணினார்கள்?

விளக்கம் சொன்னார். இரைப்பையின் வாசலில் ஒரு கதவு இருக்கிறது. எங்கள் பள்ளிக்கூட வாச்சரை நினைத்துக்கொண்டேன்: உள்ளே வருகிறவரை விடுவான், வெளியே ஓடுகிறவரை மறிப்பான். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு உடனே படுத்தால் வாச்சர் அயர்ந்துவிடுகிறான், உள்ளே இருப்பதெல்லாம் மதில் பாய்ந்து மேலே வருகிறது. இதுவரைக்கும் சரி. ஆனால் கடைசியில் அவர் சொன்ன வசனம்! “எல்லாம் நீங்கள் சாப்பிடும் விதத்தால் வந்தது.”

ஒரு தாளையும் தந்தார். தேநீரைக் குறை. மிளகாய், புளி, பொரியலைக் குறை. இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவில் மூன்று மணித்தியாலம் இருக்கட்டும். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்து. இடுப்பில் இறுக்கிக் கட்டாதே. பாவாடை நாடாவும் இவருக்குக் கணக்கா? மடித்துக் கைப்பைக்குள் போட்டேன்.

5 மார்ச், சாம்பல் புதன்

ஒருசந்தி. காலை, மதியம் ஒன்றும் இல்லை, பிளேன்ரீ மட்டும். ரொஷேல் போனில், “அம்மா, அறுபது தாண்டின ஆக்களுக்கு ஒருசந்தி கட்டாயம் இல்லையெண்டு ஃபாதரே சொல்றவர்” என்றாள். எனக்கு மறைக்கல்வி படிப்பிக்காதே என்றேன்.

இரவு ஒன்பதரைக்குக் கிளெமென்றோடு சாப்பிட்டேன். பாண், கட்டைச் சம்பல், பருப்பு, பொரித்த மீன். நாள் முழுக்கக் கிடந்த பசி. எவ்வளவு சாப்பிட்டேன் என்று தெரியாது. பத்தேகாலுக்குப் படுத்தேன். நெஞ்சுக்குள் அடுப்பு.

8 மார்ச், சனி

யேசுரட்ணம் அறிவித்திருக்கிறார்: வருகிற சனி எல்லோரும் வாசித்துக் காட்ட வேண்டுமாம், அதன் பிறகுதான் பங்கு பிரிப்பாராம். சோதனை. எனக்கு! அவருடைய இரண்டு பிள்ளைகளுக்கும் எழுத்துப் பழக்கியவளுக்கு!

போகிறேன். போய்க் காட்டுகிறேன்.

15 மார்ச், சனி

போனேன். கேட்டேன். வந்தேன்.

நேற்று வெள்ளி, நல்லா வாசிக்க வேண்டும் என்று ஒப்புக்கொடுத்து முழுநாளும் ஒருசந்தி இருந்தேன். இரவு பிட்டும் புளி விட்ட மீன் குழம்பும். இன்று காலை இரண்டு பிளேன்ரீ. வாசிக்கப் போகுமுன் தொண்டை குளிர மூன்று பெப்பர்மின்ற். முதல் பத்தி பழைய நேசமாகவே வாசித்தேன், அந்த மண்டபம் அடங்கிப் போனது எனக்குத் தெரிந்தது. இரண்டாம் பத்தியில் குரல் காற்றாகப் போனது. உதடு அசைகிறது, சத்தம் இல்லை. யாரோ தண்ணீர் கொண்டு ஓடி வந்தார்கள். அதுதான் பெரிய அவமானம்.

பிறகு கிளின்ரன் வாசித்தான். என்னிடம் படித்தவன், இப்போது வங்கியில் வேலை. தடக்கவில்லை. ரேடியோவில் விளம்பரம் சொல்வது போல் வாசித்தான், ஆனால் தடக்கவில்லை.

பெரிய பங்கு அவனுக்கு. ஆண்டவரைத் தெரியாது என்று மறுதலிக்கிற சீடன் பேதுருவின் பங்கை யேசுரட்ணம் தானே எடுத்துக்கொண்டார். எனக்கு வாசல் காக்கிற வேலைக்காரி. நீயும் அந்த ஆளின் கூட்டமா என்று பேதுருவைப் பார்த்துக் கேட்பாளே, அவள். ஒரே ஒரு வசனம்.

“சின்னது எண்டா ரீச்சருக்குக் கஷ்டம் இல்லைத்தானே” என்றார்.

“வேண்டாம். உங்கட வீட்டில ஆரும் இருந்தா அவையிட்டக் குடுங்கோ.”

இதைச் சொல்வதற்கு மட்டும் குரல் வந்தது.

16 மார்ச், ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. கைப்பையைத் துப்பரவாக்கும்போது வைத்தியர் தந்த தாள் விழுந்தது. விழுந்தது மறுபக்கமாக. மறுபக்கத்திலும் எழுத்து இருந்தது.

பரீட்சை மண்டபத்தில் முப்பத்துநாலு வருடம் “பிள்ளையள், தாளைத் திருப்பிப் பாருங்கோ, பின்னுக்கும் கேள்வி இருக்கு” என்று கத்தியவள் நான்.

பின்பக்கத்தில் இருந்தது: வெறுவயிற்றில் நாள் முழுக்க இருந்துவிட்டு ஒரே வேளையில் நிறையச் சாப்பிட வேண்டாம். சொக்லேற் வேண்டாம். தக்காளி வேண்டாம். பெப்பர்மின்ற் வேண்டாம். அது இரைப்பையின் கதவைத் தளர்த்திவிடுமாம்.

பெப்பர்மின்ற். வகுப்பில் தொண்டை காய்ந்தால் ஒன்று, வாசிக்க ஏறுமுன் ஒன்று, நேற்று மூன்று. வாச்சரின் கையில் நானே தலையணையைக் கொடுத்திருக்கிறேன். குரலைக் காப்பாற்ற என்று என்னவெல்லாம் செய்தேனோ அவ்வளவும் குரலைத் தின்றிருக்கிறது: இஞ்சித் தேநீர், மிளகு ரசம், ஒருசந்தி, எல்லாம்.

இந்தத் தாளை ஒரு மாணவி இப்படி விட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? பாவம் என்று சொல்லியிருப்பேன். எனக்கு அந்தப் பாவம் வரவில்லை. விசர் வருது.

17 மார்ச், திங்கள்

இன்று கிளெமென்றிடம் சொன்னேன்: “இண்டையிலயிருந்து எனக்கு ஏழு மணிக்குச் சாப்பாடு. நீங்கள் ஒன்பதரைக்குப் போட்டுச் சாப்பிடுங்கோ.”

“ஏன், என்ன நடந்தது?”

“முப்பத்தெட்டு வருசம் உங்களுக்காகக் காத்திருந்து என்ட தொண்டை வெந்துபோச்சு. அதுதான் நடந்தது.”

பேப்பரை மடித்து வைத்தார். “எனக்காகவோ?”

“வேற ஆருக்காக? ஹார்பரிலயிருந்து நீங்கள் வீட்ட வர ஒன்பது மணி.”

“அது கலியாணம் முடிச்ச புதுசில. தொண்ணூறுக்குப் பிறகு எனக்குப் பகல் வேலை. ஆறு மணிக்கு வீட்டில நிண்டனான். நீர் மேசையில கொப்பியளைப் பரப்பி வச்சுத் திருத்திக்கொண்டிருப்பீர். குழப்பக்கூடாது எண்டு நான்தான் காத்திருந்தனான். எனக்கு ஏழு மணிக்கே வயிறு கத்தும்.”

“நான் கொப்பி திருத்தினது, நீங்கள் சாப்பிடக் கேக்கேல்லை எண்டு.”

“நான் கேக்காதது, நீர் கொப்பி திருத்திறீர் எண்டு.”

“நான் பென்சன் எடுத்து ஏழு வருசம் மனுசன்!”

“அதுக்குப் பிறகும் நீர் ஒண்டும் சொல்லேல்லையே. உமக்கு அந்த நேரத்துக்குத்தான் பசிக்கும் எண்டு நினைச்சன்.”

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஒரு துளியும் வரவில்லை. இரண்டு பேரும் பசியோடு இருந்துகொண்டு முப்பத்தைந்து வருடம் ஒருவரை ஒருவர் மதித்திருக்கிறோம். யாரிடம் கோபிப்பது? யேசுரட்ணத்தைக் கோபிப்பது எவ்வளவு சுகமாக இருந்தது!

18 மார்ச், செவ்வாய்

ஏழு மணிக்கு இடியப்பமும் மிளகாய் போடாத சொதியும். “இது வீடோ, ஆஸ்பத்திரி வாட்டோ?” என்றார். ஒன்பது மணிக்குப் பாயிஸ் கடையில் கொத்துரொட்டி வாங்கி வந்து என் முன்னாலேயே பிரித்தார். வீடு முழுக்க வாசம். நான் தொடவில்லை.

ஒரு கரண்டி தொட்டேன்.

26 மார்ச், புதன்

கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்தோம். “இது கட்டிலோ, பிள்ளையள் சறுக்கி விளையாடுறதோ?” என்கிறார். விடியப் பார்த்தால் இரண்டு பேரும் கால்மாட்டில் குவிந்து கிடந்தோம். ஆனால் எரிவு இல்லை. பதினைந்து வருடத்தில் முதல் தடவை.

4 ஏப்ரல், வெள்ளி

தேநீர் காலையில் அரைக் கோப்பை மட்டும். தலையிடி. எல்லோர் மேலும் எரிச்சல். தவக்காலத்துக்கு இறைச்சியை விட்டது ஒரு ஒறுத்தலா? தேநீரை விடச் சொல்லிப் பார்க்க வேண்டும், பங்கு மக்களில் பாதிப் பேர் கோயிலுக்கே வர மாட்டார்கள்.

ஒருசந்தி இருக்கவில்லை. மதியம் கஞ்சி குடித்தேன். குற்றம் செய்தவள் மாதிரிக் கதவைச் சாத்திக்கொண்டு குடித்தேன். யூஜினாவின் ரசத்தைத் திருப்பிக் கொடுத்ததற்கு, “என்ட ரசத்தில என்ன நஞ்சோ போட்டன்?” என்று கேட்டு மூன்று நாளாகக் கதைக்கிறாள் இல்லை.

குரல் காலையில் கொஞ்சம் தெளிவு. மாலையில் மறுபடி கரகரப்பு. வைத்தியர் இரண்டு மூன்று மாதம் எடுக்கும் என்றவர். பெரிய வெள்ளிக்கு இரண்டு கிழமைதான் இருக்கிறது.

11 ஏப்ரல், வெள்ளி

கிளின்ரன் வந்தான். இருக்கச் சொன்னேன். குடிக்க என்ன வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

“ரீச்சர், நான் கேட்டு வாங்கேல்லை. யேசுரட்ணம் அங்கிள்தான் தந்தவர்.”

“தெரியும்.”

“நீங்க அந்த வேலைக்காரியை வாசிக்காட்டி அவர் தன்ட மருமகளைப் போடப்போறார். அவ தமிழை இங்கிலீஷில எழுதி வச்சு வாசிக்கிறவ ரீச்சர்.”



“நான் வாசிக்கிறன் எண்டு போய்ச் சொல்லு. பிளேன்ரீ குடிக்கிறியா?”

பக்தியினால் ஒத்துக்கொண்டேன் என்று எழுத முடியாது.

18 ஏப்ரல், பெரிய வெள்ளி

வாசலில் கைப்பையைத் திறந்து காட்டிவிட்டு உள்ளே போனேன். 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுகளுக்குப் பிறகு இந்தக் கிழமையில் எங்கள் பக்கத்துக் கோயில்கள் எல்லாவற்றிலும் ஆமிக்காரர் நிற்பார்கள். பாவாடை நாடாவைத் தளர்த்திக் கட்டியிருந்தேன். வாயில் ஒன்றும் இல்லை.

கிளின்ரன் தொடங்கினான். பத்தொன்பது வருடம் என் வாயில் இருந்த வசனங்கள் இன்னொருவன் வாயிலிருந்து வரக் கேட்பது கஷ்டம். மூன்று இடத்தில் ளகரத்தை விட்டான். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நன்றாகத்தான் வாசித்தான். அதுதான் கஷ்டம்.

என் இடம் வந்தது. யேசுரட்ணம் மற்ற மைக்கில், பேதுருவாக. புத்தகத்தைப் பார்த்துத்தான் வாசிக்க வேண்டும். நான் பார்க்கவில்லை. திரும்பி அவரைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டேன். குரல் கரகரத்தது. இரவு முழுக்க வாசலில் குளிருக்குள் நின்ற ஒரு வேலைக்காரியின் குரல் வேறு எப்படி இருக்கும்? ஒரு மாதமாக எனக்குள் கிடந்த அவ்வளவும் அந்த ஒரு வசனத்தில் போனது. முன் வாங்கில் இருந்த ஆக்கள் நிமிர்ந்தார்கள்.

யேசுரட்ணத்துக்கு வசனம் மறந்துபோனது. ‘நான் இல்லை’ என்று மறுக்க வேண்டும், அவ்வளவுதான். தாளில் தேடினார். தேடி, தலையை நிமிர்த்தாமலே மறுத்தார்.

வீட்டுக்கு நடக்கும்போது கிளெமென்ற் கேட்டார்: “பேதுருவையோ கேட்டனீர், அவரையோ?”

வீட்டுக்கு வந்து ஆறரைக்குச் சாப்பிட்டோம்.

9 மே, வெள்ளி

யூஜினா கதைக்கத் தொடங்கிவிட்டாள். அவளுக்கும் படுத்தால் நெஞ்சு எரிகிறதாம், பன்னிரண்டு வருடமாக. தாளைப் பிரதி எடுத்துக் கொடுத்தேன். இரண்டு பக்கமும்.

3 யூன், செவ்வாய்

ஆறு நாற்பதுக்கு, சோற்றில் கை வைத்த நேரம், ரெலிபோன் அடித்தது. இடது கையால் எடுத்தேன்.

“ஹலோ” என்றேன்.

“ஆர், ரொஷேலா? வந்து நிக்கிறீரோ மகள்? யேசுரட்ணம் அங்கிள் கதைக்கிறன். அம்மாவை ஒருக்காக் கூப்பிடும். ஞாயிறு பெந்தகோஸ்து, முதலாம் வாசகத்துக்கு அவ வருவாவோ எண்டு கேக்கோணும். குரல் இப்ப எப்பிடி அவக்கு? பாவம்.”

கிளெமென்றுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்தே எல்லாம் கேட்டது. வாயில் சோற்றோடு என்னைப் பார்த்தார்.

“அம்மா சாப்பிடுறா அங்கிள்” என்றேன். “எட்டு மணிக்குப் பிறகு எடுங்கோ.”

வைத்தேன். கிளெமென்றுக்குப் புரையேறியது. தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்துவிட்டு, ஆறுதலாக, கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டேன்.