சடங்குக் கோழி

கிள்ளை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் பொன்னிக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் கோழிகளும் நல்ல சுகம், உன் தங்கச்சி சிந்துஜா மட்டும் சுமார். திருப்பூரில் உன் உடம்பு எப்படி இருக்கிறது, ஹாஸ்டலில் நேரத்துக்குச் சோறு போடுகிறார்களா என்று எழுது. போனில் சொன்னால் செம்பியன் மாமன் பிடுங்கித் தன் நியாயத்தைத்தான் முதலில் பேசுவான், அதனால்தான் கடிதம்.

சிந்துஜா வயசுக்கு வந்தால் சடங்குக்கு ஆகும் என்று மாமன் விட்டுப்போன கோழிகள் உனக்குத் தெரியுமே. தாய்மாமன் சீர், யாரும் தொடக்கூடாது. முட்டையைக்கூட அடைக்கு வைத்துவிடுவேன், உளுந்தும் நல்லெண்ணெயும் தனியாக எடுத்து வைத்தாயிற்று. நம் இருளர் தெருவில் இவ்வளவு முன்னேற்பாடு வேறு யார் வீட்டில் இருக்கிறது என்று எனக்கு ஒரே பெருமை. அப்பா தண்ணீரில் தடவிப் பிடிக்கிற இறால் சிதம்பரத்துக்குப் போகும், வியாபாரி கழித்த பொடி இறால் கோழிக்குப் போகும், சிந்துஜாவுக்கு ரேஷன் அரிசிச் சோறும் ரசமும். பதினோராம் வகுப்பு போனதோடு பள்ளிக்கூடத்துச் சத்துணவு முட்டையும் நின்றது. கோழிகள் நன்றாகக் கொழுத்துவிட்டன, இவளுக்கோ நீ அனுப்பிய பாவாடை ஊக்கு குத்தினால்தான் இடுப்பில் நிற்கிறது.

போன வாரம் பிரேயரில் மயங்கி விழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன், நர்ஸ் சத்யப்பிரியா ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, வீட்டில் என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். கோழி, முட்டை, உளுந்து எல்லாம் இருக்கிறது, இவள் வயசுக்கு வரட்டும் என்று வைத்திருக்கிறோம் என்று நானும் பெருமையாகச் சொன்னேன். அந்தம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஏம்மா, ஒடம்புல ரத்தமே இல்ல, எப்புடி வயசுக்கு வருவா, நீங்க அவளுக்காவ காத்துக்கினு கெடக்குறீங்க, அவ ஒடம்பு ஒங்க சோத்துக்காவ காத்துக்கினு கெடக்குது என்றார்.

இன்று காலை சிவப்புப் பெட்டையை அறுத்துக் குழம்பு வைத்துவிட்டேன். மாமன் குதிக்கிறான், சடங்கே ஆவல, அதுக்குள்ள சீர்க்கோழிய அறுத்துட்டியே அக்கா, ஊரு என்னா பேசும் என்று. பேசட்டுமே, ஊரா வந்து இவளுக்கு ரத்தம் ஊற வைக்கப் போகிறது. ஆனால் தட்டை முன்னால் வைத்தால் சிந்துஜா கை வைக்கவில்லை. நான்தான் இன்னும் வயசுக்கு வரலியேம்மா, சாப்புடலாமா என்று கேட்டாள். எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை பொன்னி, நானே பிசைந்து ஊட்டிவிட்டேன்.

நீயும் எதற்காகவும் சாப்பாட்டைத் தள்ளி வைக்காதே. நம் குலசாமி கன்னியம்மா உனக்குத் துணை இருப்பாள். சடங்குக்கென்று சேர்த்து வைத்திருக்கிற லீவில் இப்போதே வந்துவிட்டுப் போ, இன்னும் கோழி இருக்கிறது. ஒன்று மட்டும் மறக்காதே, இனிமேல் போன் செய்தால் தங்கச்சி வயசுக்கு வந்துவிட்டாளா என்று கேட்காதே, சாப்பிட்டாளா என்று கேள்.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா அமிர்தம்