நாய் சாகாது, ஹெலிகொப்டர் இல்லை

கதையின் முடிவை முதலிலேயே சொல்லிவிடும் என் அன்பு எமல்டா மச்சாளுக்கு,

உங்களுக்குப் பிடித்த மாதிரியே தொடங்குகிறேன்: இந்தக் கடிதம் நல்லபடியாக முடிகிறது. பயப்படாமல் வாசிக்கலாம். நடுவில் ஓரிடத்தில் எனக்கு நெஞ்சு நின்றுபோனது உண்மை. ஆனால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அண்ணா சுகம், உங்கள் மகள் ஷெரின் சுகம். ஒரு வருடத்துக்கு மேலாகத் தூசி பிடித்துக் கிடந்த உங்கள் வீட்டு ரிவிப் பெட்டியும் சுகம்.

ஹலோவீன் வந்துபோனது மச்சாள். மெல்பேர்னில் அது வழக்கம்போல வசந்த காலத்தில், எல்லோருக்கும் பூந்தூளால் மூக்கு ஒழுக, இராச்சாப்பாட்டு நேரம்வரை வெயில் எறிக்க வந்தது. கிரெய்கிபர்னில் உங்கள் தெருப் பிள்ளைகள் எலும்புக்கூட்டு உடுப்புக்கு மேலே வெயில்தொப்பி போட்டுக்கொண்டு வந்து கதவைத் தட்டினார்கள். பேய்க்கும் சன்ஸ்கிரீன் பூசவேண்டிய நாடு என்று நீங்கள் வருடா வருடம் சொல்வதை, சொல்ல ஆளில்லாமல், நானே எனக்குள் சொல்லிச் சிரித்தேன்.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் வாசிப்பார்கள் என்பதால் உங்கள் தொழிலைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லவேண்டும், கோபிக்காதீர்கள். கிழமை நாட்களில் நீங்கள் ஆஸ்பத்திரி லோண்டரியில் வேலை செய்தீர்கள். ஆனால் உங்கள் உண்மையான வேலை, எங்கள் குடும்பத்துக்குப் பேய்த் தொடர்கள் பார்த்துப் பரிந்துரைப்பது. ஒக்டோபர் பிறந்தால் போதும், உடுப்புகளுக்கு அயன் போட்டபடி ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்துவிட்டுக் குடும்பக் குழுவில் வொய்ஸ் மெசேஜ் போடுவீர்கள்.

"ஹலோ எல்லாருக்கும். லிப்ட் ஒண்டு, கட்டிடத்தில இல்லாத ஒரு மாடியில போய் நிக்கிற கதை பாத்தனான். பேய் நல்ல பேய். நாய் சாகாது, ஹெலிகொப்டர் இல்லை. கடைசியில வாட்ச்மன்தான் செத்தவர் எண்டு தெரியவரும். எல்லாரும் பாக்கலாம்."

முடிவைச் சொல்லிக் கெடுக்கிறீர்கள் என்று வெளியாட்கள் சிரிப்பார்கள். எங்களுக்குத்தான் தெரியும் அது எதற்கென்று. ஊரில் யுத்தத்துக்குள் வாழ்ந்து வந்த அண்ணா பேய்க்குப் பயப்படுகிறவர் இல்லை. "செத்தவன் வந்து என்னத்தைச் செய்யப் போறான்?" என்று கட்லட்டைக் கடித்துக்கொண்டு கேட்பார். ஆனால் கதையில் ஒரு ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால், ஊரில் நாய்கள் எல்லாம் ஒன்றாகக் குரைத்தால், சீருடை போட்டவர்கள் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினால், தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து பின்வளவுக்குப் போய்விடுவார். அன்றைக்கு முழுக்கப் பேசமாட்டார். நீங்கள் அவருக்காகத்தான் எல்லாவற்றையும் முன்கூட்டியே பார்த்தீர்கள். நாய் எனக்காக. நாய் செத்தால் எனக்குத் தாங்காது.

கோயிலில் பாதர், ஹலோவீன் எல்லாம் நமக்கு வேண்டாம் என்று பிரசங்கம் வைத்த ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கிறதா? பூசை முடிந்து வாசலில் அவரைப் பிடித்துக்கொண்டீர்கள். "பாதர், நாங்கள் பேயைக் கும்பிடேல்லை. பாக்கிறம், அவ்வளவுதான்." அந்த மனிதர் சிரித்துக்கொண்டே எதைப் பார்க்கலாம் என்று உங்களிடமே கேட்டாரே!

உங்கள் சொந்த முடிவையும் நீங்களே முதலில் சொன்னீர்கள். ஸ்பெஷலிஸ்டைப் பார்த்துவிட்டுக் கார் பார்க்குக்கு வந்து, சீட் பெல்ட்டைப் போட்டபடி, "மச்சாள், இது நல்லா முடியாது. ஆனா நீர் பாக்கலாம்" என்றீர்கள். நான் பார்த்தேன். கடைசிவரை கட்டிலடியில் இருந்து பார்த்தேன். நீங்கள் முன்பே சொல்லியிருக்காவிட்டால் என்னால் முடிந்திருக்குமா, தெரியவில்லை.

அதற்குப் பிறகு வீடு எப்படி இருந்தது என்று சொல்கிறேன். அண்ணா உங்கள் பெயரைச் சொல்லவேண்டிய இடத்தில் இருமுவார். ஷெரின் 'அம்மா' என்று சொல்லவேண்டிய இடத்தில் 'ஷி' என்பாள். பிறகு அதையும் விட்டுவிட்டாள். அவர் குசினியில் நின்று சாப்பிடுவார், அவள் அறையில் இருந்து சாப்பிடுவாள். போன வருடம் ஹலோவீனுக்கு நான் ரோல்ஸ் சுட்டுக்கொண்டு வந்தேன், ஆளுக்கொரு கதவைச் சாத்திக்கொண்டார்கள். இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்துகொண்டே ஒருவரை ஒருவர் இழந்துவிடுவார்களோ என்று எனக்குப் பயம். எந்தப் பேய்க் கதைக்கும் நான் இப்படிப் பயந்ததில்லை.

இந்த ஒக்டோபரில் ஷெரின் எனக்குப் போன் எடுத்தாள். "மாமி, திஸ் இயர் என்ன பாக்கிறம்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "அப்பாவும் இருப்பாரா?" என்று கேட்டேன்.

"நீங்கள் செக் பண்ணிச் சொன்னா இருப்பாராம்."

அப்படித்தான் உங்கள் உத்தியோகம் என் தலையில் வந்து விழுந்தது. முடிவு தெரியாமல் ஒரு பேய்க் கதையையும் பார்த்தறியாத என் தலையில்! ஒரு தீவு, அந்தத் தீவுக்குத் தினமும் ஒரு பயணிகள் படகு, அதில் ஏறியவர்களைவிட இறங்குகிறவர்கள் ஒரு ஆள் கூடுதல். இதுதான் நான் தேர்ந்தெடுத்த தொடரின் கதை. படகு என்றதும் அகதிப் படகுகள் நினைவு வருமோ என்று யோசித்து அண்ணாவிடம் கேட்டேன். "படகெண்டா எனக்கென்ன? நான் பிளேனில வந்தனான்" என்றார். சரி என்று நம்பி, பட்டப்பகலில், எல்லா லைட்டையும் போட்டுக்கொண்டு, துணிவு போதாமல் விட்ட கடைசிப் பாகத்தைத் தவிர முழுவதையும் பார்த்தேன்.

பார்த்தேன் என்பது பெரிய வார்த்தை. பயங்கரமான இடம் வருகிறது என்று இசை சொன்னதும் குஷனை முகத்தில் வைத்து அமத்திக்கொண்டேன். காதை மட்டும் திறந்து வைத்தேன். ஹெலிகொப்டர் கேட்கவில்லை. நாய்கள் குரைக்கவில்லை. பூட்ஸ் சத்தம் இல்லை, கதவு தட்டும் சத்தம் இல்லை. நீங்கள் தேடுகிற எல்லாவற்றையும் நானும் தேடினேன் என்ற பெருமையோடு குழுவில் எழுதினேன்: எல்லாரும் பாக்கலாம்.

ஹலோவீன் அன்று பின்னேரம் திரைச்சீலைகளை இழுத்து மூடி ஹோலை இருட்டாக்கினோம். அண்ணா தன் கதிரையில், ஷெரின் நிலத்தில், நான் குஷனோடு. முதல் பாகம் நன்றாகவே போனது. இரண்டாம் பாகத்தில் அந்தப் படகில் இருந்து ஒரு பெண் இறங்கினாள். யாரென்று தெரியவில்லை, முதுகுதான் தெரிந்தது. பிறகு ஒரு வீடு. பள்ளிக்கூடம் போகும் வயதில் ஒரு பெண்பிள்ளை தண்ணீர் குடிக்கக் குசினிக்குள் வருகிறாள். சிங்க்குக்குப் பக்கத்தில் அந்தப் பெண் நிற்கிறாள்.

செத்துப்போன அவளுடைய அம்மா.

ஒரு சத்தம் இல்லை மச்சாள். அந்த அம்மா சும்மா நின்றாள். அவள் வரும் இடமெல்லாம் நான் குஷனுக்குள் இருந்திருக்கிறேன், அதனால்தான் என் காதுக்கு அகப்படவில்லை. உங்கள் வேலையைக் கையில் எடுத்து, உங்கள் பிள்ளைக்கு இதையா காட்டினேன்? அண்ணா கட்லட்டைக் கையில் பிடித்தபடி அசையாமல் இருந்தார். ரிமோட்டைத் தேடினேன், அது அவருடைய தொடைக்குக் கீழே.

"நிப்பாட்டவா பிள்ளை?" என்றேன்.

"வெயிட் மாமி."

ஷெரின் திரையையே பார்த்தாள். அந்த அம்மா நின்றாள். நின்றாள். இன்னும் நின்றாள்.

"வை இஸ் ஷி நொட் டோக்கிங்?" என்றாள் உங்கள் மகள். பிறகு தகப்பனைத் திரும்பிப் பார்த்து, "அம்மா எண்டா இப்பிடிச் சும்மா நிக்க மாட்டா அப்பா. வந்த உடனயே, 'ஆர் இந்தச் சட்டியை ஊறப்போடாமல் விட்டது?' எண்டு கத்தியிருப்பா" என்றாள்.

அம்மா என்றாள் மச்சாள். ஒரு வருடத்துக்கு மேல் அந்த வீட்டில் கேட்காத சொல். நான் அண்ணாவைப் பார்த்தேன். அவர் எழும்பிப் பின்வளவுக்குப் போகப் போகிறார் என்றே நினைத்தேன்.

அவர் இருமினார். பிறகு சொன்னார். "எமல்டாவோ? அவள் வாறதுக்கு முதலே போன் எடுத்திருப்பாள். 'நான் ரெண்டாம் பாகத்தில குசினியில வந்து நிப்பன், ஒருத்தரும் பயப்படாதேங்கோ' எண்டு."

ஷெரின் சிரித்த சிரிப்பில் வாசலில் இனிப்புக் கேட்டு வந்த பிள்ளைகள் பயந்துபோயிருப்பார்கள். அண்ணாவும் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வர, நீங்கள் இருந்த காலத்தில் சிரித்த மாதிரி. பிறகு மூன்று பேரும் அழுதோம் என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் ஆளுக்கொரு அறையில் இல்லை, ஒரே இடத்தில். எனக்கு எவ்வளவு நிம்மதி என்று எப்படிச் சொல்வது? தலையில் இருந்த பாரத்தை யாரோ வாங்கிக் கீழே வைத்த மாதிரி இருந்தது.

கொஞ்சம் பொறுத்து அண்ணா எழுந்து குசினிக்குப் போனார். உண்மையாகவே அங்கே ஒரு சட்டி காய்ந்து கிடந்தது. அதற்குள் தண்ணீர் விட்டு ஊறப்போட்டுவிட்டு வந்து, "ம், போடு பிள்ளை" என்றார். கடைசிப் பாகத்தைத் தவிர மிச்சம் எல்லாம் பார்த்தோம். அதை வைத்துவிட்டது அவருக்கு விடியற்காலை வேலை என்பதால்தான்.

இன்னும் ஒரு செய்தி இருக்கிறது. அடுத்த நாள் சுப்பர்மார்க்கெட் கார் பார்க்கில் நிற்கும்போது குடும்பக் குழுவில் ஒரு வொய்ஸ் மெசேஜ் வந்தது. உங்களுடைய கடைசி மெசேஜுக்குப் பிறகு அந்தக் குழுவில் ஒருவரும் குரல் கொடுத்ததில்லை. பார்த்தால், ஷெரின்.

"ஹலோ எல்லாருக்கும். ஸ்கூலால வந்து லாஸ்ட் எபிசோட் பாத்திட்டன். ஹெலிகொப்டர் இல்லை. மாமி, நாய் சாகாது. அந்த அம்மா கடைசியில படகில திரும்பிப் போறா. மகள் போய் வழியனுப்பி விடுறா. கொஞ்சம் சாட். பட் இட்ஸ் ஓகே. அப்பா பாக்கலாம்."

காருக்குள் இருந்து அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். உங்கள் குரல் இல்லைத்தான். உங்களைப் போல அவளுக்குப் பேச்சில் அவசரமும் இல்லை. ஆனால் யாருக்கு எது தாங்காது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறதே, அதை எப்போது சொல்லிக்கொடுத்தீர்கள்?

இன்று இறந்தோர் நினைவு நாள். காலையில் மூவரும் சேமக்காலைக்கு வந்து உங்கள் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றினோம். காற்று அதை அணைத்துக்கொண்டே இருந்தது, அண்ணா விடாமல் பற்றவைத்தார். என்னென்ன கதைத்தோம் என்று உங்களுக்குக் கேட்டதா?

பின்னேரம் கடைசிப் பாகம் பார்க்கப் போகிறோம். அந்த அம்மா படகில் ஏறும் இடத்தில் குஷனை எடுக்கமாட்டேன். கண்ணைத் திறந்து, அவள் போய் மறையும்வரை பார்ப்பேன். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு.

நல்லா முடியாதென்றாலும் பார்க்கலாம் என்று உங்களிடம் படித்த,
உங்கள் மச்சாள்
றெஜினா